‘நெட் ஸ்லோ சார்!’ – லைவ் திணறும்போது உண்மையில் கோளாறு எங்கே?

ஆவணி முகூர்த்தம். காலை மணி 7.10. கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் கூறைப்புடவை மாற்றி வந்த மணப்பெண் உட்கார்கிறார். அங்கே டொரண்டோவில் முந்தைய நாள் இரவு 9.40. விசா கிடைக்காததால் வர முடியாத அக்கா, டிவியில் யூடியூப் லைவைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கெட்டிமேளம் ஆரம்பிக்கிறது. திரையில் மாப்பிள்ளையின் கை பாதியில் நிற்கிறது. நடுவில் வட்டம் சுற்றுகிறது. மறுபடி படம் வரும்போது எல்லோரும் அட்சதை போட்டு முடித்திருக்கிறார்கள்.

அடுத்த நிமிடம் மண்டபத்தில் பெண்ணின் மாமா, மேடை ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பையனிடம் வருகிறார். “என்ன தம்பி, படம் நின்னு நின்னு போகுதாமே? கனடாவிலிருந்து போன் மேல போன் வருது!” பையனிடம் பதில் தயாராக இருக்கிறது: “நெட் ஸ்லோ சார்.”

முகூர்த்த நாட்களில் எந்த மண்டபத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. கோயில் கும்பாபிஷேகம், டியூஷன் வகுப்பு, பரதநாட்டிய அரங்கேற்றம், வீட்டிலிருந்து கேம் விளையாடிக் காட்டும் இளைஞர் என்று எங்கே லைவ் திணறினாலும் தீர்ப்பு ஒன்றுதான்: நெட் ஸ்லோ. சில நேரம் அது சரியான தீர்ப்பு. பல நேரம், விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பு.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், விசாரணை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். பெரும்பாலானோர் பயன்படுத்தும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருள், கோளாறு எங்கே என்பதை ஒவ்வொரு நொடியும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

லைவ் வீட்டு விசேஷத்துக்குள் வந்த கதை

2020 கொரோனா ஊரடங்கின்போது திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 800 பேருக்குப் பத்திரிகை அடித்த குடும்பங்கள் மீதி 750 பேரை என்ன செய்வது என்று யோசித்தபோது கிடைத்த வழிதான் லைவ் லிங்க். கல்யாணப் பத்திரிகையோடு வாட்ஸ்அப்பில் யூடியூப் லிங்க்கும் போக ஆரம்பித்தது. கட்டுப்பாடு போன பிறகும் லிங்க் போகவில்லை. வெளிநாட்டு உறவினர்களுக்கும், நடக்க முடியாத தாத்தா பாட்டிக்கும் அது இன்று பந்தியைப் போலவே எதிர்பார்க்கப்படும் ஏற்பாடு.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னையின் மார்கழிக் கச்சேரிகளும் இணையத்துக்கு வந்தன. ஆனால் அவற்றில் பல முன்கூட்டியே படம் பிடிக்கப்பட்டு, பிறகு ஒளிபரப்பப்பட்டவை. படம் பிடிக்கும்போது ஏதாவது தவறினால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது. போட்டோ ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஒரே வருடத்தில் ஒளிபரப்புப் பொறியாளர் வேலையையும் பார்க்க வேண்டியதாயிற்று. கருவி கைக்கு வந்த வேகத்தில், அதைப் படிக்கும் பழக்கம் வரவில்லை.

மூன்று வேலை, மூன்று எண்

ஓபிஎஸ் இலவச மென்பொருள். ஹியூ பெய்லி என்பவர் 2012இல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க கேமர்கள் முதல் கோயில் நிர்வாகங்கள் வரை பயன்படுத்துகிறார்கள். லைவ் போகும்போது அது வரிசையாக மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலில், கேமரா படம், பூ வேலைப்பாடுள்ள ஃப்ரேம், மணமக்கள் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்குகிறது. இது ரெண்டரிங். கிராஃபிக்ஸ் கார்டின் வேலை.

இரண்டாவதாக, அந்தப் படத்தை இணையத்தில் அனுப்பக்கூடிய அளவுக்குச் சுருக்குகிறது. இது என்கோடிங். பிராசஸர் செய்யலாம், அல்லது கிராஃபிக்ஸ் சிப்பில் இதற்கென்றே இருக்கும் தனிப் பகுதி செய்யலாம்.

மூன்றாவதாக, சுருக்கியதை யூடியூப் சர்வருக்கு அனுப்புகிறது. இது மட்டும்தான் நெட்டின் வேலை.

நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் 33 மில்லி நொடி. 60 ஃப்ரேம் என்றால் அதில் பாதி. இந்த நேரத்துக்குள் முடிக்க முடியாத ஃப்ரேம் விடுபட்டுப் போகும். எங்கே விடுபட்டது என்பதை ஓபிஎஸ் தனித்தனியாக எழுதி வைக்கிறது. மெனுவில் ‘ஸ்டேட்ஸ்’ என்பதைத் திறந்தால் மூன்று வரிகள் தெரியும்: ரெண்டரிங் லேக்கால் தவறியவை, என்கோடிங் லேக்கால் விடுபட்டவை, நெட்வொர்க்கில் கைவிடப்பட்ட ‘டிராப்டு ஃப்ரேம்ஸ்’.

பார்ப்பவருக்கு மூன்றுமே ‘படம் தடுமாறுது’ என்றுதான் தெரியும். அதனால்தான் எல்லாப் பழியும் நெட் மேல் விழுகிறது. ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காய்ச்சல் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை போடுவது போலத்தான், லைவ் திணறினால் உடனே டாங்கிளை மாற்றுவதும்.

முதல் சந்தேகம்: நெட்தானா?

‘டிராப்டு ஃப்ரேம்ஸ்’ எண் ஏறினால், ஆமாம், நெட்தான். அனுப்ப வேண்டிய டேட்டா வெளியே போக முடியாமல் குவியும்போது, பின்தங்காமல் இருக்க ஓபிஎஸ் சில ஃப்ரேம்களைத் தூக்கிப் போடுகிறது.

மண்டபத்தில் இதற்கு முதல் காரணம் வைஃபை. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. முந்நூறு பேர் கூடியிருக்கும் ஹாலில் மண்டபத்து வைஃபை, பலருடைய ஹாட்ஸ்பாட், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் அந்த இடத்துக்குள்தான் முட்டிக்கொள்கின்றன. காலை 5 மணிக்கு ஆளில்லாத ஹாலில் செய்த ஸ்பீடு டெஸ்ட், 7 மணி நிலவரத்தைச் சொல்லாது.

மொபைல் டேட்டாவும் அப்படித்தான். தாலி கட்டும் நேரத்தில் மண்டபமே போனைத் தூக்கிப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறது. எல்லோரும் ஒரே டவரின் அப்லோடு பாதையில் நுழைகிறார்கள். லைவும் அதே பாதையில்தான் போக வேண்டும். மிக முக்கியமான நிமிடத்தில் படம் நிற்பது ராசியில்லாததால் அல்ல, நெரிசலால்.

இன்னொரு எளிய கணக்கும் உண்டு. 4 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் லைவ் போனால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1.8 ஜிபி செலவாகும். தினம் 1.5 ஜிபி பேக் போட்ட சிம், 50 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு லைவுக்குப் பயன்படாத வேகத்துக்கு இறங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பு நன்றாகப் போய், முகூர்த்தத்தில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து என்ன? முடிந்தால் ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள். முடியாவிட்டால் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். டெஸ்டில் வரும் அப்லோடு வேகத்தில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு. அப்லோடு 5 எம்பிபிஎஸ் என்றால் 2,500 கேபிபிஎஸ் பிட்ரேட், 720பி. ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், நெரிசலைப் பார்த்து பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. மண்டபத்தில் அதை ஆன் செய்துவிடுவது நல்லது.

‘720பி-யா? 1080 இல்லையா?’ என்று வீட்டுக்காரர் கேட்கலாம். 2020 மார்ச்சில், நெட்வொர்க் நெரிசலைத் தவிர்க்க இந்தியாவின் பெரிய ஓடிடி, வீடியோ நிறுவனங்கள் சேர்ந்து மொபைல் நெட்வொர்க்கில் படத்தின் தரத்தை 480பி-க்கு மேல் போகாமல் சில வாரங்கள் குறைத்து வைத்தன. மக்கள் பார்த்தார்கள். தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் நிற்காத படத்தை யாரும் குறை சொல்வதில்லை. நிற்கிற படத்தின் தெளிவை யாரும் பாராட்டுவதுமில்லை.

இரண்டாவது சந்தேகம்: பிராசஸர்

டிராப்டு ஃப்ரேம்ஸ் பூஜ்யம், ஆனால் என்கோடிங் லேக் எண் ஏறுகிறது என்றால், நெட்டை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை. கம்ப்யூட்டரால் சுருக்கும் வேலையை நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை என்று அர்த்தம்.

ஓபிஎஸ்ஸில் பிராசஸர் வழியாக என்கோடு செய்யும்போது ‘வெரிஃபாஸ்ட்’, ‘மீடியம்’, ‘ஸ்லோ’ என்று பல நிலைகள் இருக்கும். ‘ஸ்லோ’ வைத்தால் படம் சூப்பராக வரும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்து மாற்றிவிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த வேலையைத் தாங்கும் கம்ப்யூட்டருக்கு. சாதாரண லேப்டாப் அதில் மூச்சு வாங்கும். ‘வெரிஃபாஸ்ட்’ நிலைக்குத் திரும்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதைவிட நல்லது, ஹார்டுவேர் என்கோடருக்கு மாறுவது: இன்டெல் என்றால் குவிக்சிங்க், என்விடியா என்றால் என்வென்க். கடந்த பத்தாண்டில் வந்த பெரும்பாலான லேப்டாப்களில் இப்படி ஏதாவது ஒன்று சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். 60 ஃப்ரேமை 30 ஆக்கினால் சுமை இன்னும் பாதியாகும். கல்யாணத்துக்கு 30 தாராளம்.

சென்னைக்கே உரிய இன்னொரு காரணம் வெயில். சூடு எல்லை மீறும்போது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில், மேடை விளக்குகளுக்குப் பக்கத்தில், ஜமுக்காளத்தின் மேல் காற்றுத் துளை அடைபட்டபடி வைத்த லேப்டாப் என்ன செய்யும்? முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு என்கோடிங் லேக் மெல்ல மெல்ல ஏற ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் நன்றாக இருந்து போகப் போக மோசமானால் முதலில் லேப்டாப்பைத் தொட்டுப் பாருங்கள். சார்ஜர் கழன்று பேட்டரியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மர ஸ்டூலும் ஒரு டேபிள் ஃபேனும் தீர்க்கக்கூடிய பிரச்சினைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது சந்தேகம்: கிராஃபிக்ஸ்

ரெண்டரிங் லேக் ஏறினால், படத்தைச் சேர்த்து அடுக்கும் கட்டத்திலேயே திணறல். கேம் ஸ்ட்ரீமர்களுக்கு இது அடிக்கடி வரும். கேம் தன் இஷ்டத்துக்கு நொடிக்கு 150, 200 ஃப்ரேம் வரைந்து கிராஃபிக்ஸ் கார்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஓபிஎஸ்ஸுக்கு மிச்சம் இருக்காது. கேமின் செட்டிங்ஸில் ஃப்ரேம் ரேட்டுக்கு வரம்பு வைத்தால் சரியாகும். விண்டோஸில் ஓபிஎஸ்ஸை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும்.

கல்யாணத்தில் இதே வேலையைச் செய்வது அலங்காரம். பூ உதிரும் அனிமேஷன், மின்னும் பெயர்ப் பலகை, நாலு மூலையிலும் ஸ்டூடியோ லோகோ, போதாக்குறைக்கு எல்இடி திரைக்கு இன்னொரு படம். கேன்வாஸை 4கே-யில் வைத்து அனுப்புவது 720பி என்றால் அதுவும் வீண் சுமை. பூ உதிர்வதை நிறுத்தினால் தாலி தெரியும். எது வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் யோசிக்கவே மாட்டார்.

மூன்றும் பூஜ்யம், ஆனாலும் திணறுகிறதா?

இங்கே இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, ஓபிஎஸ்ஸுக்கு வரும்போதே படம் கெட்டுப்போய் வருவது. சுருக்காத 1080பி படம் நொடிக்கு 30 ஃப்ரேமில், வழக்கமான கேப்சர் வடிவத்தில், ஏறக்குறைய 1,000 மெகாபிட். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் எல்லை 480 மெகாபிட். விலை குறைந்த எச்டிஎம்ஐ கேப்சர் டாங்கிள்கள் படத்தைச் சுருக்கி இதைச் சமாளிக்கின்றன. ஆனால் இரண்டு கேமராவை ஒரே யூஎஸ்பி ஹப்பில் சொருகினால் இடம் போதாது. ஓபிஎஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, தடுமாறும் படத்தையே நேர்த்தியாக அனுப்பும். லேப்டாப் திரையிலேயே படம் தடுமாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கேமராக்களைத் தனித்தனி போர்ட்டில், முடிந்தால் யூஎஸ்பி 3.0இல் சொருகினால் போதும்.

இரண்டாவது, பார்ப்பவர் பக்கம். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் நின்றால் அது அவர் வீட்டு நெட். எல்லோருக்கும் நின்றால் யூடியூபில் லேட்டன்சி செட்டிங்கைப் பாருங்கள். ‘அல்ட்ரா லோ’ வைத்தால் தாமதம் குறையும், ஆனால் பார்ப்பவரின் போனில் சேமிப்பு இருக்காது. சின்னத் தடங்கலுக்கே வட்டம் சுற்றும். முகூர்த்தத்தை அரை நிமிடம் தாமதமாகப் பார்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘நார்மல்’ போதும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். ‘நிறையப் பேர் பார்க்கிறாங்க, அதான் லோடு தாங்கல’ என்பார்கள். மண்டபத்திலிருந்து போவது ஒரே ஒரு ஒளியோடை. 10 பேர் பார்த்தாலும் 10,000 பேர் பார்த்தாலும் அதை நகலெடுத்து விநியோகிப்பது யூடியூபின் வேலை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் சேனலில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அந்தச் சுமையைச் சுமந்தது யூடியூபின் சர்வர்கள். விநியோகப் பக்கம் தடுமாறவே தடுமாறாது என்றும் இல்லை. 2024 நவம்பரில் மைக் டைசன் – ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்பிளிக்ஸ் நேரலை செய்தபோது, ஒரே நேரத்தில் 6.5 கோடி ஸ்ட்ரீம்கள் ஓடியதாக அந்நிறுவனம் சொன்னது. பலருக்குப் படம் நின்று நின்று வந்தது. நம்ம ஊர் கல்யாணத்தில் பார்ப்பவர் எண்ணிக்கை காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை.

ஒரு சதவீதம் என்பது சின்ன எண்ணா?

ஸ்டேட்ஸில் ‘1%’ என்று பார்த்தால் ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். கணக்குப் போடுவோம். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1,08,000 ஃப்ரேம். அதில் ஒரு சதவீதம் 1,080. அவை மணி முழுக்கப் பரவியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. சேர்ந்தாற்போல் போயிருந்தால் 36 நொடி. மூன்று முடிச்சு போட அவ்வளவு நேரம் தேவையில்லை.

ஆகவே மொத்தச் சதவீதத்தைவிட, எண் எப்போது ஏறுகிறது என்பதுதான் முக்கியம். எப்போதும் மெதுவாக ஏறினால் செட்டிங்ஸ் தவறு. கூட்டம் போனைத் தூக்கும்போது ஏறினால் நெரிசல். நேரம் போகப் போக ஏறினால் சூடு. பூ உதிரும் காட்சிக்கு மாறும்போது மட்டும் ஏறினால் கிராஃபிக்ஸ். நிகழ்ச்சி முடிந்த பிறகும் கவலையில்லை. ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல் இருக்கும். மூன்று எண்களும் அதில் பதிவாகியிருக்கும்.

தவறான தீர்ப்பின் விலை

‘மண்டபத்தில் பெரும்பாலும் நெட்தானே பிரச்சினை? பையன் சொல்வதில் என்ன தப்பு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிக்கடி நெட்தான் காரணம். ஆனால் ‘அடிக்கடி’ என்பது ‘இந்த முறை’ என்பதற்குச் சான்று ஆகாது.

தவறான தீர்ப்புக்கு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது பெரும்பாலும் அந்த மேடை ஓரத்துப் பையன். என்கோடிங் லேக்கை நெட் என்று நினைத்த ஸ்டூடியோ இரண்டாவது டாங்கிள், மூன்றாவது சிம் என்று வாங்கிக்கொண்டே போகும். வைஃபை நெரிசலை ‘லேப்டாப் பழசு’ என்று நினைத்தவர் தவணையில் புது மெஷின் எடுத்து, அடுத்த முகூர்த்தத்தில் அதே இடத்தில் நிற்பார். வீட்டுக்காரர் பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார். ‘உங்க மண்டபத்து நெட்டு’ என்று ஸ்டூடியோ சொல்ல, ‘உங்க லேப்டாப்பு’ என்று மண்டபம் சொல்ல, பஞ்சாயத்து முடியாது. அங்கே ஸ்டேட்ஸ் திரையின் ஒரு போட்டோ இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். தவறு தன்னுடையதாக இருந்தாலும் அது தெரிந்துகொள்ள வேண்டிய தவறு. தன்னுடையதில்லை என்றால் அது கையில் இருக்கும் சான்று.

யாரும் சொல்லாத எண்

ஆனால் எல்லாவற்றையும் அந்தப் பையன் தலையில் கட்டிவிடவும் முடியாது. அவர் எவ்வளவு படித்தாலும் ஸ்டேட்ஸ் திரையில் தெரியாத ஒரு எண் இருக்கிறது. இந்த மண்டபத்தின் அப்லோடு வேகம் என்ன?

இணைய இணைப்பு விளம்பரங்களில் ‘100 எம்பிபிஎஸ்’, ‘300 எம்பிபிஎஸ்’ என்று கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். ஃபைபர் இணைப்பில் அப்லோடும் அதே அளவு கிடைக்கலாம். கேபிள் வழியாக வரும் பழைய இணைப்பிலோ, ஆன்டெனா வைத்துக் கொடுக்கும் 5ஜி இணைப்பிலோ அப்லோடு அதில் சிறு பங்காக இருக்கலாம். லைவ் அனுப்புபவருக்கு டவுன்லோடு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

இதில் அரசின் வரையறையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, ‘பிராட்பேண்ட்’ என்று சொல்லிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அது டவுன்லோடுக்கு மட்டும். அப்லோடுக்கு அந்த வரையறையில் எல்லை இல்லை. மக்கள் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்பவர்கள், அனுப்புபவர்கள் இல்லை என்ற பழைய நினைப்பு அதில் தெரிகிறது. இன்று வீடியோ காலில் இன்டர்வியூ கொடுப்பவர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், ஆன்லைனில் பாடம் நடத்தும் ஆசிரியர், ரீல்ஸ் போடும் கல்லூரி மாணவி எல்லோரும் அனுப்புபவர்கள்தான்.

மூன்று விஷயங்கள் மாற வேண்டும். இணைய நிறுவனங்கள் டவுன்லோடுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அப்லோடு வேகத்தைப் போட வேண்டும். பிராட்பேண்ட் வரையறையில் அப்லோடுக்கும் ஒரு குறைந்தபட்ச எண் வர வேண்டும். கல்யாண மண்டபங்கள், ஏசி, ஜெனரேட்டர், பார்க்கிங் என்று வசதிப் பட்டியல் கொடுக்கும்போது அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: மேடைக்குப் பக்கத்தில் லேன் பாயின்ட், அப்லோடு இவ்வளவு.

கீழ்க்கட்டளை மாதிரி இடங்களுக்கு இது இன்னும் அவசியம். பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையும் மேடவாக்கம் மெயின் ரோடும் சந்திக்கும் இந்தப் பகுதி, 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடமும் இந்த வழியாகத்தான் வருகிறது. ஐடி வேலைக்குப் பக்கத்தில் வீடு தேடி வந்தவர்களும், பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலுமே யாரோ ஒருவர் வெளிநாட்டில். சாலையைத் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுபடுவது வளரும் எந்தப் புறநகருக்கும் புதிதில்லை. ஒரே ஒரு இணைப்பை நம்பி லைவ் போட முடியாது. மண்டபத்து லைன் ஒன்று, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று என்று இரண்டு வழி கையில் இருக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முன் அரை மணி நேரம்

• புது யூடியூப் சேனல் என்றால், லைவ் வசதியை முதல் முறை ஆன் செய்ய 24 மணி நேரம் வரை ஆகலாம். காலையில் போய் ஆரம்பிக்க முடியாது. இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள்.

• முந்தைய நாள் ரிசப்ஷன் கூட்டம் இருக்கும்போதே, யாருக்கும் லிங்க் கொடுக்காமல், ‘அன்லிஸ்டட்’ லைவ் 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஸ்டேட்ஸில் மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• ரவுட்டருக்கும் ஃபைபர் பாக்ஸுக்கும் யூபிஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும். ரவுட்டர் அணைந்துவிட்டால் லைவ் போச்சு.

• லைவோடு சேர்த்து லேப்டாப்பிலோ கேமராவிலோ ரெக்கார்டிங்கும் ஓடட்டும். ஹார்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நெட் முழுவதும் போனாலும், பிறகு அனுப்ப ஒரு படம் இருக்கும்.

• நிகழ்ச்சி நடக்கும்போது புதிதாக எந்த செட்டிங்கையும் ஆராய வேண்டாம். படம் திணறினால் எந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள். அதற்கு உரியதை மட்டும் மாற்றுங்கள்.

போனில் நேரடியாக லைவ் போடுபவர்களுக்கும் இதே மூன்று கட்டங்கள்தான். என்ன, போன் அந்த எண்களைக் காட்டுவதில்லை. அதனால் சூடாகிறதா, சிக்னல் இருக்கிறதா, டேட்டா மிச்சம் இருக்கிறதா என்பதைக் கையாலும் கண்ணாலும்தான் பார்க்க வேண்டும்.

டொரண்டோவில் இருக்கும் அக்காவுக்கு ரெண்டரிங் லேக்கும் என்கோடிங் லேக்கும் தெரிய வேண்டியதில்லை. தம்பியின் கல்யாணத்தில் அவர் கேட்டது ஒரு நிமிடப் படம். அடுத்த முறை மாமா மேடை ஓரத்துக்கு வந்து “என்ன தம்பி, நிக்குதாமே?” என்று கேட்கும்போது, “வைஃபை நெரிசல் சார், பிட்ரேட்டைக் குறைச்சிட்டேன், இப்போ கேட்டுப் பாருங்க” என்று பையன் சொல்ல முடிந்தால், அந்த நிமிடத்தைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. அதற்கு முதல் படி புது லேப்டாப் இல்லை. ஸ்டேட்ஸைத் திறப்பது.